ஜான்சி ராணிப் படையில் இருந்த அத்தைப் பாட்டிக்குப் பலகையில் என்ன எழுதலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை எனக்குப் புரிந்த வகையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் அத்தை மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு படம் இருக்கிறது, காகிதம் ஒன்றும் இல்லை. மணிப்பூரின் இம்பாலில் துப்பாக்கி பிடித்து வெள்ளைக்காரனைச் சுட்டார் என்கிறார் உங்கள் சித்தப்பா. 'அதெல்லாம் சும்மா காட்சிக்கு வைத்திருந்த படை' என்கிறார் உங்கள் நண்பர். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் குடும்பம் கூடும்போது அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பலகை வைக்கப்போகிறீர்கள்; பொய்யாகவும் இருக்கக்கூடாது, அவரைக் குறைத்துவிடவும் கூடாது, என்ன எழுதலாம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மற்றவையும் கூடவே வந்துவிடும்.

நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ராணுவ வரலாறு படித்தவள் அல்ல, துப்பாக்கி ரகங்களைப் பற்றிக் கேட்டால் விழிப்பேன். பள்ளி விடுமுறைகளில் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்து, ஜப்பானியர் மலாயாவை ஆண்ட ஜப்பான்காலத்தைப் பார்த்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்தேன். அப்படித்தான் இந்தப் பெண்கள் சிலரைச் சந்தித்தேன். ஆகவே நான் சொல்வதில் ஒரு பகுதி புத்தகத்திலும் ஆவணத்திலும் இருப்பது, இன்னொரு பகுதி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டது. எது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

சந்தேகமே இல்லாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அடுத்த வாரமே, ஜூலை 9 அன்று, பெருங்கூட்டத்தில் பேசும்போது பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும், 1857-இல் ஜான்சி ராணி ஏந்திய வாளை அவர்கள் ஏந்த வேண்டும் என்று அறிவித்தார். அப்போது சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940-இல் அங்கே போனவர். ஒரு சில நாளில் சுமார் இருபது பெண்களைத் திரட்டி, புடவையோடு துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஜூலை 12 அன்று போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த், அதாவது சுதந்திர இந்தியா, என்ற போஸின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள், 22-ஆம் தேதி, சிங்கப்பூரில் பெண்களின் பயிற்சி முகாம் திறந்தது. லட்சுமி அந்த அரசில் அமைச்சராகவும் இருந்தார், படைக்குத் தலைமையும் ஏற்றார். 'கேப்டன் லட்சுமி' என்ற பெயர் அன்று ஒட்டியது, பிறகு பதவி உயர்ந்தும் போகவில்லை.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அதிலும் தோட்டத்துப் பெண்கள். இதுவும் உறுதி. இந்தியாவுக்காகப் போரிடக் கிளம்பிய அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. படித்த, வசதியான குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள், பெயர்கள் நமக்குத் தெரிவதும் அவர்களுடையவைதான். கோலாலம்பூர் ஜானகி தேவர் 18 வயதில் சேர்ந்தார். கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றி நிதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் பெற்றோர் முகத்தைப் பார்க்கப் பயந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இலங்கைத் தமிழ் வழி வந்த ராசம்மா பூபாலன் 16 வயதில் தன் அக்காவோடு சேர்ந்தார். இவர்கள் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். தோட்டத்து முனியம்மாவும் அஞ்சலையும் எழுதவில்லை. எழுதத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் அத்தைப் பாட்டி இந்த இரண்டாவது வரிசையில் நின்றவர். காகிதம் இல்லாததற்கு முதல் காரணமே அது.

தோட்டத்துப் பெண் ஏன் சேர்ந்தாள் என்று கேட்டால் 'நாட்டுப்பற்று' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நேதாஜி படம் மாட்டாத லயம் இல்லை என்பார்கள் பெரியவர்கள். ஆனால் அந்த வருஷம் தோட்டம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்குள் வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. கித்தா என்கிற ரப்பர் காட்டில் புல் மண்டியது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, கட்டத் துணி இல்லாமல் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். அதற்கு மேல் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத்து ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே செத்தவர்கள் போக மிச்சம் பேர்தான் திரும்பினார்கள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, சோறு இல்லை, ஜப்பான் சிப்பாய் எப்போது லயத்துக்குள் வருவான் என்ற பயம் வேறு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'உனக்குச் சாப்பாடு, உடுப்பு, கையில் துப்பாக்கி, நீ கூலி இல்லை, ராணி' என்று சொன்னால் ஒரு பெண் என்ன முடிவெடுப்பாள்? பசியும் பயமும் கோபமும் பற்றும் எத்தனை எத்தனை பங்கு என்று இன்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. நான் பேசிய அம்மாக்கள் பிரித்துச் சொல்லவில்லை. "போகணும்னு தோணிச்சு, போயிட்டேன்" என்றார் ஒருவர்.

அவர் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். முதல் நாள் என்னோடு பேசவே இல்லை. இரண்டாம் நாள் கொல்லையில் உட்கார்ந்து ஈர்க்குச்சி சீவிக்கொண்டே ஏதேதோ சொன்னார், முகாம் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இவர் உண்மையிலேயே போனாரா என்று. கிளம்பும் நேரத்தில் ஏதோ நினைப்பில், நான் எங்கோ படித்து வைத்திருந்த ஆணைச் சொல் ஒன்றைச் சொன்னேன்: "தாஹினே முட்." எண்பது வயதுக் கிழவி, விளக்குமாற்றை இடது தோளில் சாய்த்து, விறைப்பாக எழுந்து நின்று, வலது குதிகாலில் திரும்பினார். நான் உறைந்துபோய் நிற்கிறேன், அவர் சிரிக்கிறார். "அதுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது டீச்சர். சத்தம் கேட்டா காலு தானா திரும்பும்." படையில் ஆணைகள் எல்லாம் இந்துஸ்தானியில். தமிழே எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு அந்த மொழியை ரோமன் எழுத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்து பலருக்கு ஏறவில்லை. உடம்புக்கு ஏறிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். 'நேதாஜியைப் பார்த்தாரா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள். நேதாஜி தன் கையாலேயே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார் என்று ஒரு அம்மா கண்ணீரோடு சொன்னார். அதே கதையைச் சொல்லுக்குச் சொல் வேறொரு ஊரில் வேறொரு அம்மாவிடமும் கேட்டேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அறுபது வருஷத்தில் ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு கலந்துவிடும். சின்ன விஷயங்களைக் கேளுங்கள். காலையில் என்ன பசியாறினார்கள், தலைமுடியை வெட்டினார்களா, அதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள், ரயிலில் எத்தனை நாள், யார் பக்கத்தில் படுத்தார்கள். சமையல் எல்லாருக்கும் பொது என்பது ஆவணங்களிலும் உண்டு. 'யார் யாரோ ஆக்கினதைச் சாப்பிட்டுட்டு வந்துட்டா' என்று திரும்பி வந்தபிறகு உறவினர் முணுமுணுத்தது ஆவணத்தில் இல்லை, எனக்கு இரண்டு வீட்டில் சொன்னார்கள். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு முணுமுணுப்பு நினைவில் இருந்தால் அது நல்ல சாட்சி. பெருமைக்காகக் கட்டிய கதையில் யாரும் வசவைச் சேர்ப்பதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். உங்கள் சித்தப்பா கேட்டால் வருத்தப்படுவார், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஜான்சி ராணிப் படை இம்பால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. 1944 தொடக்கத்தில் போஸ் தலைமையிடத்தைப் பர்மாவின் ரங்கூனுக்கு மாற்றினார், பெண்களையும் தொகுதி தொகுதியாக அங்கே கொண்டுபோனார்கள். இம்பால் விழுந்ததும் வங்காளத்துக்குள் நுழையும் படையின் முன்வரிசையில் இவர்கள் நடக்க வேண்டும் என்பது அவர் திட்டம். பெண்கள் துப்பாக்கியோடு வருவதைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துப் பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய் சுட மாட்டான், ஊர் மக்கள் எழுந்துவிடுவார்கள் என்று நம்பினார். இம்பால் விழவில்லை. ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் மார்ச்சில் தொடங்கிய படையெடுப்பு ஜூலையில், மழைக்காலத்தில், சோறும் மருந்தும் இல்லாமல் சிதைந்தது. லட்சுமியே பிற்காலப் பேட்டிகளில் தங்கள் பெண்கள் நேரடிப் போரில் இறங்கவில்லை என்பதை மறைக்கவில்லை. எல்லையில் பெண்கள் துப்பாக்கிச் சண்டை போட்டதாகச் சில பழைய எழுத்துகளில் வரும். எஞ்சியிருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசிச் சரிபார்த்த பிற்கால ஆய்வு அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் முடிக்கிறது. எண்ணிக்கையும் அப்படித்தான். 1,000 பேர், 1,500 பேர் என்று மேடையில் சொல்வார்கள். ஒவ்வொரு முகாமாகக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஐந்நூறுக்கு மேல் வரவில்லை. நான் அந்தச் சின்ன எண்ணையே நம்புகிறேன், ஏனென்றால் அது யாருக்கும் சாதகமாகச் சொல்லப்பட்ட எண் இல்லை.

அப்படியானால் உங்கள் நண்பர் சொன்னது சரிதானா? பாதி. பிரச்சாரம் அந்தப் படையின் நோக்கங்களில் ஒன்று, அதைப் போஸே ஒளிக்கவில்லை. போஸோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஜப்பானியர்கூட ஆரம்பத்தில் இதை வெட்டிச்செலவு என்று நினைத்து ஆயுதம் கொடுக்கத் தயங்கினார்கள். ஆனால் காட்சிக்கு வைத்த படைக்கு இரவு முழுக்க முதுகில் மூட்டையோடு நடக்கக் கற்றுத்தருவார்களா? இவர்களுக்குத் துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, கையெறி குண்டு எல்லாவற்றிலும் பயிற்சி இருந்தது. 1944 மார்ச் 30 அன்று சிங்கப்பூரில் பயிற்சி முடித்த முதல் தொகுதியின் அணிவகுப்பு நடந்தது. போர்முனைக்கு அனுப்பும்படி ரத்தத்தில் கையெழுத்துப் போட்டு நேதாஜிக்கு மனுக் கொடுத்தோம் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த மனுவை நான் பார்த்ததில்லை, கேட்டதைச் சொல்கிறேன்.

இதில் எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சண்டை போட்டார்களா என்று கேட்கும்போது, போர்முனைதான் ஆபத்து, மற்ற இடமெல்லாம் பின்கட்டு என்று நாமே ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். பர்மாவில் அந்தக் கோடு கிடையாது. ரங்கூன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இம்பாலிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக, சீதபேதியோடும் மலேரியாவோடும் புழு வைத்த புண்ணோடும் வடக்கே மேமியோ என்ற பர்மிய ஊரின் மருத்துவமனைக்கு வந்தபோது, இந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் அங்கே தாதிகளாக நின்றார்கள். துப்பாக்கி பிடிக்கத்தானே வந்தோம், மலச்சட்டி தூக்கவா வந்தோம் என்று சிலருக்குக் கோபம்கூட இருந்ததாம். எனக்கு அதைச் சொன்ன அம்மாள் அந்தக் கோபத்தை விடவே இல்லை. "சண்டைக்குன்னு கூட்டிட்டுப் போயி சட்டி தூக்க விட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, பையன்கள் கடைசியில் தமிழில் அம்மாவைக் கூப்பிடுவார்கள், அப்போது பக்கத்தில் தமிழ் தெரிந்தவள் ஒருத்தி வேண்டுமே என்றார். உங்கள் அத்தைப் பாட்டி மேமியோவில் இருந்தார் என்று யாராவது சொன்னால், 'அப்போ நர்ஸ்தானா' என்று முகம் சுளிக்காதீர்கள்.

ரயிலையும் சொல்ல வேண்டும். மலாயாவிலிருந்து ரங்கூனுக்குப் பெண்களைக் கொண்டுபோன வழி சயாம் வழி. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதையின் இரண்டு முனையும் ஒட்டியது 1943 அக்டோபரில்தான், அதாவது சிங்கப்பூர் முகாம் திறந்த அதே மாதத்தில். அடுத்த சில மாதங்களில் தோட்டத்துப் பெண்கள் அதன் மேல் ஏறிப் போனார்கள், சரக்குப் பெட்டியில், விமானத்துக்குப் பயந்து பெரும்பாலும் இரவில். சுங்கை சிப்புட் அம்மாவின் அப்பா அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். எந்த இடத்தில் இறந்தார் என்று வீட்டுக்குத் தெரியாது. ரயில் மரப்பாலத்தில் ஊர்ந்து போகும்போது, இது அப்பா போட்ட கட்டையாக இருக்குமோ என்று ஒவ்வொரு பாலத்திலும் நினைத்துக்கொண்டே போனேன் என்றார். அப்பாவைக் கொன்றவனின் கூட்டாளிப் படையில் அவள் சிப்பாய். இதை அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. ஆனால் இந்த வரலாற்றை நேர்மையாகச் சொல்ல நினைப்பவர் இந்த முடிச்சைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. ஜப்பானோடு போஸ் செய்த உடன்பாடு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள், எனக்கும் அதில் மனது ஒரு பக்கம் நிற்பதில்லை. அந்த வாதத்தின் சுமையைப் பதினேழு வயதுப் பால்வெட்டுக்காரியின் தலையில் ஏற்றக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

பிறகு திரும்பி வந்த கதை. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். கூடவே சுமார் நூறு பெண்கள், ஜானகி தேவர் பொறுப்பில். லாரியில் ஏறினார்கள், லாரி சேற்றில் மாட்டியது, பிறகு நடை. பகலில் விமானம் சுடும் என்பதால் மரத்தடியில் பதுங்கி, இரவில் நடந்தார்கள். சித்தாங் ஆற்றைத் தாண்டி மௌல்மேன் போய், அங்கிருந்து ரயிலில் பாங்காக். ஏறக்குறைய மூன்று வாரம். பூட்ஸுக்குள் காலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிய போஸும் அவர்களோடு நடந்தார் என்று அதில் இருந்தவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் பத்திரமாக அனுப்பாமல் தான் முன்னால் போக மறுத்தார் என்பதும் அந்தக் குறிப்புகளில் உண்டு. அவர்களுக்கு முன்பே ரயிலில் அனுப்பப்பட்ட இன்னொரு தொகுதி வழியில் தாக்கப்பட்டது. அதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். சுட்டது யார் என்பதில் குறிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, ஜப்பானியரை எதிர்த்த பர்மியக் கெரில்லாக்கள் என்பதே அதிகம் சொல்லப்படுவது. படையின் பலியைப் பற்றிப் பேசுபவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர் தெரியும்? எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நானே ஆசிரியராகி வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, படை கலைந்தது. லட்சுமி பர்மாவில் பிடிபட்டு 1946 மார்ச் வரை அங்கே வைக்கப்பட்டு, பிறகு இந்தியா அனுப்பப்பட்டார். கான்பூரில் கடைசிவரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார், 1998-இல் பத்ம விபூஷண் கிடைத்தது, 2002-இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார், 2012-இல் இறந்தார். ஜானகி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதில் இருந்தார். 2000-இல் பத்மஸ்ரீ பெற்றார். ராசம்மா பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார், அதன் பலனை எங்கள் தலைமுறை ஆசிரியைகள் சம்பள நாளன்று கையில் வாங்கினோம். தோட்டத்துப் பெண்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். விடியற்காலை பெரட்டு என்கிற ஆள்கணக்குக்கு நின்று, பெயர் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களுக்குப் போனார்கள். சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, பிரிட்டிஷார் திரும்பி வந்த கையோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் ஒரு பலகை வைக்க 1995 வரை ஆயிற்று. கல்லுக்கே அந்த நிலை என்றால், தோட்டத்தில் ஒரு பெண் 'நான் அந்தப் படையில் இருந்தேன்' என்று உரக்கச் சொல்லியிருப்பாளா? வெள்ளைக்காரத் துரையிடம் வேலை போய்விடும் என்று உடுப்பை எரித்ததாகவும் படத்தைக் கிழித்ததாகவும் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தபோது 'பட்டாளத்துக்குப் போனவள்' என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன கதையும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அந்த ஒரு படம் தப்பியதே பெரிய விஷயம்.

ஆவணத்தில் தேட முடியுமா என்றால், முயலலாம், நம்பிக்கையை அளவோடு வையுங்கள். படையின் ஆவணங்களில் பெரும்பகுதி போர் முடிவில் அழிந்துபோனது. டெல்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. தொடர்பான கோப்புகள் இருக்கின்றன, 2016-இல் நேதாஜி கோப்புகள் பல வெளியிடப்பட்டன. ஆனால் அவை பெரும்பாலும் தலைவர்களையும் போஸின் மரண விவகாரத்தையும் பற்றியவை, தோட்டத்துச் சிப்பாயின் பெயரை அதில் தேடுவது கடலில் ஊசி தேடுவது. கொல்கத்தாவில் நேதாஜி ஆய்வகம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஜப்பான்காலத்தைப் பற்றித் தமிழர்கள் பேசிய பதிவுகள் அதில் உண்டு. பெயரில்தான் சிக்கல் வரும். தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்டது ஒன்று. ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் தோட்டத்தின் பெயர், அப்பா பெயர், கூடச் சேர்ந்த தோழி பெயர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். இந்திய அரசு 1972-இல் கொண்டுவந்த விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தில் ஐ.என்.ஏ.காரர்களுக்கும் இடம் இருந்தது. அத்தைப் பாட்டி பிற்காலத்தில் தமிழ்நாடு திரும்பியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அவரோ கணவரோ மனுப் போட்டிருக்கலாம். மனு தள்ளுபடியாகியிருந்தாலும் அந்தத் தாள் உங்களுக்குத் தங்கம், ஏனென்றால் அதில் அவர் சொன்ன முகாம், தேதி, மேலதிகாரி பெயர் எல்லாம் எழுதியிருக்கும். பழைய பெட்டியைக் குடைந்து பாருங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பிய உங்கள் குடும்பம் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மருத்துவ, தாதியர் பிரிவுகளைத் தவிர மற்றப் பிரிவுகளில் இந்தியத் தரைப்படை பெண்களை அதிகாரிகளாக எடுக்க ஆரம்பித்தது 1992-இல். பயிற்சி சென்னைப் பரங்கிமலை அகாதமியில். ஆண்களைப் போல் நிரந்தரப் பணி வேண்டும் என்று அவர்கள் நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 2020 ஆயிற்று. 'பெண் அதிகாரி ஆணையிட்டால் கிராமத்துச் சிப்பாய் கேட்பானா' என்கிற வாதத்தை அரசுத் தரப்பே அந்த வழக்கில் வைத்தது. படித்தபோது எனக்கு விளக்குமாற்றோடு திரும்பி நின்ற அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இப்போது பலகை. 'வீரமங்கை', 'இம்பால் போரில் எதிரிகளைப் பந்தாடியவர்' போன்றவை வேண்டாம். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று படித்துவிட்டு வந்து, அந்தப் படை இம்பாலுக்கே போகவில்லையே என்று கேட்டால், அவர் உண்மையில் செய்ததும் சேர்ந்து பொய்யாகிவிடும். அதே மாதிரி 'சேவை செய்தார்' என்று பொத்தாம்பொதுவாகவும் எழுதாதீர்கள், கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கும். குடும்பத்தில் விசாரித்து உறுதியாவதை மட்டும் வைத்து, ஏறக்குறைய இப்படி எழுதுவேன்: 'ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார் என்பது குடும்ப நினைவு. ஆயுதப் பயிற்சி பெற்றார். சயாம் ரயிலில் பர்மா சென்றார். போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பி இருபது ஆண்டு பால்மரம் சீவினார்.' ரங்கூன், மேமியோ என்று தெரிந்தால் சேருங்கள். பர்மாவுக்கே போகாமல் சிங்கப்பூர் முகாமிலேயே இருந்தவர்களும் உண்டு, அப்படியானால் ரயில் வரியை எடுத்துவிடுங்கள். 'குடும்ப நினைவு' என்ற சொல்லை எழுத உங்கள் சித்தப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், சண்டை வரும். கடைசி வரியை நீங்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போதும். இருபது ஆண்டு என்பது நீங்கள் எழுதியதிலிருந்து நான் எடுத்த கணக்கு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை எழுதும்போது கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும், வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், படத்தைச் சட்டத்தில் அடிக்கக் கொடுக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர் முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும். பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால், ரோமன் எழுத்தாக இருந்தாலும் புரியாவிட்டாலும், அழிக்காமல் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நான் வாசித்துப் பார்க்கிறேன்.